டாட்: இழுத்து விறைத்ததற்கு ஓர் ஆங்கிலச் சொல்

செருப்பு டைட், மூடி டைட், பரீட்சைக்கு நேரமும் டைட். தமிழிலேயே இப்படிப் பழகிவிட்டதால், ஆங்கிலத்தில் எழுதும்போதும் எல்லா இறுக்கத்துக்கும் இந்த ஒரு சொல்லையே போட்டுவிடுகிறோம். டாட் என்ற பெயரடையும் கைவசம் இருந்தால் நல்லது.

1. எழுத்தும் ஒலியும்
டி, ஏ, யூ, டி. 'டவுட்' என்று படிக்க வேண்டாம்; உதட்டைக் குவித்து 'டாட்' என நீட்டுங்கள். டீச் என்ற வினையின் இறந்தகால வடிவத்துக்கும் இதே ஒலிதான். எழுத்துதான் வேறு.

2. பொருள்
துணி காயப்போடக் கொடி கட்டிப் பாருங்கள். ஒரு முனையை முடிந்ததும் கயிறு தொய்ந்து கிடக்கும்; அது ஸ்லாக். மறுமுனையைப் பிடித்து இழுக்க இழுக்கத் தொய்வு மறைந்து, விரலால் சுண்டினால் அதிரும் அளவுக்கு விறைத்து நிற்கும். அதுதான் டாட். (ஈரப் போர்வையைப் போட்டதும் மறுபடி ஸ்லாக் ஆனால், குற்றம் முடிச்சின்மேல்.)

3. எங்கே பொருந்தும்?
இழுத்ததால் விறைத்ததா என்று கேளுங்கள். வில்லின் நாண், வாலிபால் வலை, மத்தளத்தின் தோல், முறுக்கேறிய தசை எல்லாம் டாட். காலைக் கடிக்கும் செருப்பும் திறக்க மறுக்கும் மூடியும் டைட். கயிற்றை டைட் என்றாலும் பிழையில்லை. செருப்பை டாட் என்றால்தான் பிழை.

4. வாக்கியத்தில்
'புல் த ரோப் டாட்' என்பதே சரி. இங்கே பலர் 'டாட்லி' என்று எழுதிவிடுகிறார்கள். எப்படி இழுத்தோம் என்பதல்ல, இழுத்தபின் கயிறு எந்த நிலைக்கு வந்தது என்பதே செய்தி. ஆகவே பெயரடைதான் வரும். ஸ்ட்ரெச், கீப் ஆகிய வினைகளோடும் இப்படியே.

5. கயிறே இல்லாத இடங்கள்
கோபத்தையோ பயத்தையோ அடக்கிக்கொண்டு பேசுபவரின் குரலும் முகமும் டாட். ஆனால் பதற்றத்தில் இருக்கும் ஆளைச் சொல்ல டென்ஸ்தான் வேண்டும். 'ஐ ஆம் டாட்' என்று யாரும் சொல்வதில்லை. 'எ டாட் த்ரில்லர்' என்று விமர்சகர் எழுதினால் அது பாராட்டு. நம் விமர்சகர்கள் 'தொய்வில்லாத திரைக்கதை' என்பார்களே, அதேதான்.

அகராதியில் பக்கத்திலேயே நிற்கும் டாட்டாலஜி இதற்கு உறவில்லை. அது 'அதுவே' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள், நன்னூல் குற்றமாகச் சொல்லும் 'கூறியது கூறல்'.