இடதுகை எலெக்ட்ரிக் கிட்டாரை விற்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டாரைத் துடை, வெளிச்சத்தில் படம் எடு, கீறலை மறைக்காதே. இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய இடதுகை கிட்டாரை விற்க வருபவர்கள் வரிசையாக வந்து விழும் குழிகள் வேறு. அதில் ஒன்றைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல்தான் வருகிறது. அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

வலதுகைக்காரருக்காக ஸ்ட்ரிங்கை மாற்றிப் போடுவது

கணக்கு இப்படிப் போகிறது: பத்துப் பேரில் ஒருவர்தான் இடதுகைக்காரர், அவர்களிலும் பலர் வலதுகை கிட்டாரிலேயே பழகிவிடுகிறார்கள். வாங்க ஆளே இல்லை. ஸ்ட்ரிங் வரிசையைத் திருப்பிப் போட்டால் மிச்ச ஒன்பது பேரும் வாங்குவார்களே! கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிட்டாரில் இதைச் செய்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

முதலில் நட், அதாவது கழுத்தின் மேல்முனையில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் சிறு துண்டு. வழக்கமான 10-46 செட்டில் மெல்லிய ஈ ஸ்ட்ரிங் 0.010 அங்குலம், தடித்த ஈ 0.046. நட்டில் உள்ள ஆறு பள்ளங்களும் அந்தந்த ஸ்ட்ரிங்கின் தடிமனுக்கு வெட்டப்பட்டவை. வரிசையைத் திருப்பியதும் தடித்த ஈ மெல்லியதன் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. முதல் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தினால் சுரம் ஏறிப்போகிறது. உடனே வீட்டில் இருக்கும் ஊசி அரத்தையோ ஹேக்ஸா பிளேடையோ எடுத்துப் பள்ளத்தை அகலமாக்குகிறார்கள். நஷ்டம் தொடங்குவது அந்த நிமிடத்தில்தான்.

வலதுகைக்காரர் யாரும் வாங்கவில்லை, பழையபடியே மாற்றிவிடலாம் என்று மெல்லிய ஈயைத் திரும்பக் கொண்டுவந்தால், அகலமான பள்ளத்துக்குள் அது பக்கவாட்டில் ஆடுகிறது. பள்ளம் ஆழமாகவும் போயிருந்தால், அழுத்தாமல் மீட்டும்போது ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில் உரசி, தம்புராவுக்கு ஜீவா நூல் வைத்தாற்போல் ரீங்கரிக்கிறது. சூப்பர் குளூவும் சோடா மாவும் வைத்து அடைப்பது தற்காலிக வேலை. சரியான தீர்வு புது நட். அதுவும் இடதுகை வரிசைக்கு வெட்டியது. ரெடிமேடாகக் கிடைப்பவை பெரும்பாலும் வலதுகைக்கானவை என்பதால், வெறும் எலும்புத் துண்டு வாங்கி விவரம் தெரிந்தவரிடம் வெட்டச் சொல்ல வேண்டும்.

அடுத்து பிரிட்ஜ், கிட்டாரின் உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பாகம். ஸ்ட்ராட்டில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனி சேடில், அதாவது முன்பின் நகர்த்தக்கூடிய சிறு தாங்கி. 12-வது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரமும் ஒன்றாக வரும்வரை ஆறையும் மறுபடி நகர்த்த வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் முடியும். கிப்சனின் லெஸ் பால் வகையில் பிரிட்ஜே சாய்வாகப் பொருத்தப்பட்டது. தடித்த ஸ்ட்ரிங்கின் பக்கம் பின்தள்ளி இருக்கும். வரிசையைத் திருப்பினால் சேடிலை நகர்த்த இடம் போதாது. சுருதி கடைசிவரை சேராது.

இதையெல்லாம் சரிக்கட்டினாலும், வாங்க வரும் வலதுகைக்காரர் மடியில் வைத்துப் பார்க்கும்போது வால்யூம் குமிழ்களும் ஜாக்கும் முழங்கைக்குக் கீழே இடிக்கின்றன. ஆழமான வளைவு மேல்பக்கம் போய்விட்டதால் உயர்ந்த ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்டுவதில்லை. அதே பணத்துக்கு நல்ல வலதுகை கிட்டார் எத்தனையோ கிடைக்கும்போது இதை ஏன் வாங்குவார்? வராத ஒன்பது பேருக்காக, வந்திருக்கக்கூடிய ஒருவரையும் விரட்டியாயிற்று.

"ஹென்ட்ரிக்ஸ் செய்தாரே" என்று ஒரு வாதம் தவறாமல் வரும். ராக் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இடதுகைக்காரர், வலதுகை ஸ்ட்ராட்டைத் தலைகீழாகப் பிடித்து, தன் கைக்கு ஏற்ப ஸ்ட்ரிங் மாற்றிக்கொண்டார். தான் வாசிப்பதற்குச் செய்தார், விற்பதற்கு அல்ல.

தலைப்பில் 'லெஃப்ட் ஹேண்ட்' இல்லாமல் விளம்பரம்

முதல் சொல்லே அதுவாக இருக்கட்டும். விவரம் தெரியாத பத்துப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போவது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத்தான் தின்னும்.

கண்ணாடிப் படம்

இந்த வகைக் கிட்டாருக்கென்றே உள்ள சிக்கல் இது. செல்ஃபி கேமராவில் எடுத்த படத்தைப் பல போன்கள் இடவலமாகத் திருப்பிச் சேமிக்கின்றன. இடதுகை கிட்டார் அதில் வலதுகை கிட்டாராகத் தெரியும். ஹெட்ஸ்டாக்கில் (முறுக்காணிகள் உள்ள தலைப்பகுதி) பெயர் நேராகப் படிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நட், பிரிட்ஜ், முதல் ஐந்து ஃப்ரெட்டுகளின் தேய்மானம், சீரியல் எண் ஆகியவற்றை நெருக்கமாக எடுங்கள். கழுத்தின் விளிம்பில் உள்ள புள்ளிகளையும் மறக்க வேண்டாம். அசல் இடதுகைக் கழுத்தில் அவை தடித்த ஈ இருக்கும் பக்கம், வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். மெல்லிய ஈ பக்கம் இருந்தால் அது வலதுகைக் கழுத்து. விவரமறிந்த வாங்குபவர் முதலில் கேட்கும் படங்களில் இதுவும் ஒன்று.

அரிய பொருள் என்று விலை ஏற்றுவது

கிடைப்பது அரிது; கேட்பவர் அதைவிட அரிது. அதே மாடலின் பழைய வலதுகை கிட்டார் விற்கும் விலையை ஒட்டி வையுங்கள், மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராகுங்கள்.

கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடுவது

இடதுகை பிக்கார்டு (பிக் உரசாமல் உடலைக் காக்கும் தகடு) உடைந்தால் மாற்று தேடுவது பெரும்பாடு. மஞ்சள் பூத்த பழையதானாலும் கிட்டாரோடு கொடுங்கள்.

கரகரக்கும் குமிழுக்கு டபிள்யூடி-40

அந்த எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் போதும்.

செட்டப் பார்க்காமல் கொடுப்பது

முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, 8-வதில் ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் உள்ள இடைவெளி பாருங்கள். 0.010 அங்குலம் (0.25 மி.மீ.) அளவில் இருந்தால் நல்லது. அதிகம் என்றால் ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். கேப்போவை எடுத்துவிட்டு, 17-வது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கின் உயரத்தைப் பாருங்கள். ஸ்ட்ராட் வகைக்கு 1.6 மி.மீ. போதும்.

பார்சல்

வாங்குபவர் பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பார் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. 10-46 செட்டின் மொத்த இழுவிசை சுமார் 47 கிலோ. அந்த இழுவிசையோடு பெட்டி கீழே விழுந்தால், பின்பக்கம் சாய்ந்த ஹெட்ஸ்டாக் உள்ள கிட்டார்கள் கழுத்தில் உடையும். ஸ்ட்ரிங்குகளை இரண்டு மூன்று சுரம் தளர்த்துங்கள். ஸ்ட்ராட்டில் முழுதாகக் கழற்றினால் பின்பக்க ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை உள்ளே இழுத்துக்கொள்ளும். ட்ரெமலோ கம்பியை (பிரிட்ஜை அசைத்துச் சுரத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி) கழற்றித் தனியே சுற்றி வையுங்கள். ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் கழுத்தின் அடியிலும் தெர்மகோல் தாங்கல் வேண்டும். கிட்டாருக்கும் அட்டைப்பெட்டிச் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் அசையும் சத்தம் கேட்கக் கூடாது.