மிளகாய் நாற்றுகள் சாய்ந்து விழுந்தால்

முளைத்த மிளகாய் நாற்றுகள் இரண்டு இலை விட்டதும் சாய்ந்துகொண்டே இருந்தன. தொட்டியை எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் வெயில் படும் ஓரத்துக்கு நகர்த்தினேன். வேப்பெண்ணெய் தெளித்தேன். அப்புறம் விதையையே மாற்றினேன். பலனில்லை.

விழுந்த நாற்றை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: இலை பச்சையாகவே இருக்கிறது, மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நூலாக இளைத்துப் பழுப்பாகியிருக்கிறது. நாற்றழுகல் நோய்! ஈர மண்ணில் பரவுவது.

பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, புதிய தேங்காய் நார்த்தூளில் விதைத்தேன். தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மிச்சத்தை உடனே கொட்டினேன் (ஏடிஸ் கொசுவுக்கு இடம் தரக் கூடாதே). சின்ன விசிறியும் வைத்தேன். அதன்பின் ஒரு நாற்றும் சாயவில்லை, அப்பாடா!

ரகத்தில் சிலி பாடியே (சின்னக் காரமிளகாய்) இங்கு தோது. குடைமிளகாய் இரவுச் சூட்டில் பூவை உதிர்த்துவிடும்.