கென்டக்கி மேட்ச் அன்று அடுப்பை எப்போது பற்றவைப்பது

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்கு என்.பி.ஏ. (தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) டீம் கிடையாது. அதனால் லெக்சிங்டனில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து டீம்தான் ஊருக்கெல்லாம் டீம் (போட்டிக் கல்லூரி டீம் வைத்திருக்கும் லூயிவில்காரர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்). சீசன் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும், பேச்சு அக்டோபரிலேயே சூடாகிவிடும். சனிக்கிழமை மதியம் மேட்ச் என்றால் பாட்டி இருக்கும் வீட்டில்தான் கூட்டம். காரணம் டிவியின் அளவு இல்லை, அடுப்பில் இருக்கும் பானை. அந்தச் சாப்பாட்டைச் செய்யவும் வேண்டும், மேட்சின் ஒரு நிமிடத்தையும் விடக்கூடாது என்றால் அதற்கு ஒரு நேரக் கணக்கு இருக்கிறது.

முதலில் என்ன செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பொரித்த கோழி வேண்டாம். தென்மாநிலச் சமையல் என்றாலே எல்லோருக்கும் அதுதான் ஞாபகம் வரும், ருசியும் அப்படித்தான், ஆனால் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் கருகும், நகராவிட்டால் மேட்ச் போச்சு. பிஸ்கட்டும் காலைச் சாப்பாட்டுக்கானது (நம்ம ஊர் பிஸ்கட் இல்லை, மோர் ஊற்றிப் பிசைந்து ஓவனில் சுடும் மெத்தென்ற ரொட்டி), அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேட்ச் நாளுக்கு ஏற்றது கிழக்குக் கென்டக்கி மலைப்பக்கத்து வீடுகளில் செய்கிற பீன்ஸ் குழம்பு, கோலார்ட் கீரை (முட்டைக்கோஸ் இனத்துப் பெரிய இலை), இரும்புச் சட்டியில் சுட்ட சோள ரொட்டி. மூன்றில் இரண்டு தானாக வேகும், மூன்றாவதுக்குத்தான் கணக்கு வேண்டும்.

பீன்ஸ் வேலை முந்தின இரவே ஆரம்பம். அரை கிலோ பின்டோ பீன்ஸை (ராஜ்மா மாதிரியான காய்ந்த பயறு) நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மேட்ச் இரண்டு மணிக்கு என்றால் பதினொரு மணிக்கெல்லாம் பானை அடுப்பில் இருக்க வேண்டும். புதுத் தண்ணீர், ஒரு முழு வெங்காயம், புகைபோட்ட பன்றிக் கால் மூட்டு ஒன்று, அவ்வளவுதான். பன்றி சாப்பிடாத வீடுகளில் புகைபோட்ட வான்கோழித் துண்டு போடுகிறார்கள், சைவம் என்றால் வெங்காயத்தை எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, புகைவாசம் உள்ள மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன் போட்டால் ஏறக்குறைய அந்த மணம் வரும். சிறு தீயில் இரண்டு, இரண்டரை மணி நேரம். கடைசி அரை மணியில் உப்பு. அப்புறம் ஒரு கரண்டி பீன்ஸை பானையின் ஓரத்திலேயே வைத்து மசித்துவிடுங்கள், குழம்பு கெட்டியாவது அதனால்தான். குக்கரிலும் செய்யலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள், ஆனால் அந்த வழவழப்பு வராது, பாட்டி ஒரு வாய் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

கீரையில் கவனிக்க வேண்டியது மண். இலையை மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், நடுத்தண்டைக் கிழித்து எறியுங்கள், சுருட்டி அகலமாக நறுக்கிக் கொஞ்சம் இறைச்சித் துண்டோடு ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். நம்ம கீரை மாதிரி ஐந்து நிமிடத்தில் இறக்கினால் மெல்லவே முடியாது. வெந்த தண்ணீரைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள், சோள ரொட்டியை அதில் தொட்டுத்தான் சாப்பிடுவார்கள். பச்சை மிளகாய் ஊறிய வினிகர் பாட்டில் மேசையில் இருக்கட்டும்.

இப்போது சோள ரொட்டி. கல்லூரி மேட்ச் இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடத்தைத் தாண்டியபின் ஆட்டம் முதலில் எப்போது நிற்கிறதோ அப்போது டிவிக்காக ஒரு டைம் அவுட் விடுவார்கள். விளம்பரம் பார்க்க யாருக்கு ஆசை? அந்த நேரமெல்லாம் சமையலறைக்குத்தான். முதல் பாதியின் 12 நிமிட டைம் அவுட்டில் ஓவனை 220 டிகிரி செல்சியஸில் போடுங்கள். 8 நிமிட டைம் அவுட்டில் பத்து அங்குல இரும்புச் சட்டியை, இரண்டு மேசைக்கரண்டி பேக்கன் (உப்புப் போட்ட பன்றி இறைச்சி) கொழுப்போ வெண்ணெயோ சேர்த்து உள்ளே வையுங்கள் (வெண்ணெய் என்றால் 4 நிமிட டைம் அவுட் வரை பொறுங்கள், இல்லாவிட்டால் கருகும்). அந்த 4 நிமிட டைம் அவுட்டிலேயே இரண்டு கப் மக்காச்சோள மாவு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு, இதெல்லாம் ஒரு பாத்திரத்தில் கலந்து வைத்துவிடலாம். ஹாஃப் டைம் விசில் ஊதியதும் ஒரு முட்டை, ஒன்றரை கப் மோர் ஊற்றிக் கலக்கி, கொதிக்கிற சட்டியில் ஊற்றுங்கள். சுர்ர் என்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் சட்டி சூடாகவில்லை, அடிப்பக்கம் மொறுமொறுப்பு கிடைக்காது. ஹாஃப் டைம் பதினைந்து நிமிடம், இரண்டாம் பாதியின் முதல் டைம் அவுட் வருவதற்குள் ரொட்டி வெந்திருக்கும்.

மோர் என்றால் அங்கே கடையில் விற்பது கெட்டியாக இருக்கும், நம்ம வீட்டு நீர்மோரை ஊற்றினால் மாவு கூழாகிவிடும், புளித்த தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். மாவும் அப்படித்தான், சூப் கெட்டியாக்கப் போடும் வெள்ளைக் கார்ன்ஃப்ளவர் பாக்கெட்டை வாங்கி வந்துவிடாதீர்கள், ரவை மாதிரிக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். சர்க்கரை? பழைய ஆட்கள் போடமாட்டார்கள். போட்டால் அது கேக் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

சட்டியை ஊறப்போடாதீர்கள், துருப்பிடிக்கும். சூட்டோடு துடைத்து, மெல்ல எண்ணெய் தடவி வைத்தால் போதும். இந்த வீடுகளில் சட்டி பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகிற சொத்து, அதனால் அடுத்தவர் வீட்டுச் சட்டியைக் கழுவ நீங்களாக முன்வராமல் இருப்பதே மரியாதை.

சமையல் சரி, பேச்சு எப்படி? நவம்பரில் ஏதோ ஒரு சின்னக் கல்லூரியை முப்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்ததுமே ஒன்பதாவது தேசியக் கோப்பை வந்துவிட்டது என்று யாராவது ஆரம்பிப்பார். எட்டு இருக்கிறது, கடைசியாக வந்தது 2012இல். நீங்களும் சேர்ந்து துள்ளாதீர்கள். இப்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் வருடத்துக்கு வருடம் கல்லூரி மாறுகிறார்கள், 2024இல் மார்க் போப் கோச்சாக வந்தபோது ஏறக்குறைய மொத்த டீமையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது, அப்படியும் அந்த சீசனின் தேசியப் போட்டியில் கடைசிப் பதினாறு டீம்களில் ஒன்றாக வந்தார்கள். ஆகவே நவம்பரில் சொல்ல ஏற்ற பதில் "ஜனவரி வரட்டும்" என்பதுதான். ஜனவரியில்தான் எஸ்.இ.சி. (கென்டக்கி ஆடும் தென்கிழக்குக் கல்லூரிகளின் லீக்) மேட்சுகள் சூடு பிடிக்கும், அதில் இப்போது பதினாறு டீம். சொந்த மைதானமான ரப் அரீனாவில் ஜெயிப்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள், வெளியூரில் நல்ல டீமை அடிக்கிறார்களா என்று பாருங்கள், மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டிக்கு டீம்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவும் வெளியூர் வெற்றிக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறது.

சில பெயர்களை மேசையில் எடுக்கவே கூடாது. கிறிஸ்டியன் லேட்னர் முதல் பெயர். 1992இல் 2.1 விநாடி மிச்சமிருக்கும்போது அவர் ஆடிய டியூக் பல்கலைக்கழக டீமுக்குக் கிடைத்த நீளமான பாஸ், அவர் போட்ட பந்து, 104-103 என்று கென்டக்கி தோற்றது. முப்பது வருடம் தாண்டியும் பெரியவர்களுக்கு ஆறவில்லை. 2022இல் செயின்ட் பீட்டர்ஸ், 2024இல் ஓக்லண்ட், இரண்டும் மார்ச் போட்டியின் முதல் சுற்றிலேயே கென்டக்கியை வெளியேற்றிய சின்னக் கல்லூரிகள், இவற்றைப் பற்றியும் வாயைத் திறக்காமல் இருப்பது வயிற்றுக்கு நல்லது. வயதானவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டுமென்றால் காவுட் லெட்ஃபர்டைப் பற்றிக் கேளுங்கள். கிழக்குக் கென்டக்கியின் ஹார்லன் பக்கத்துக்காரர், 1953 முதல் 1992 வரை கென்டக்கி மேட்சுகளுக்கு ரேடியோவில் வர்ணனை செய்தவர். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் குரலை ரேடியோவில் வைத்துப் பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால் பானை வேகும்வரை ஓடும்.

புத்தாண்டு அன்று போவதாக இருந்தால் பின்டோவுக்குப் பதில் காராமணி போடுங்கள், கீரையும் கட்டாயம். அதிர்ஷ்டத்துக்குக் காராமணி, பணத்துக்குக் கீரை என்பது தென்மாநில நம்பிக்கை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அங்கே போய்ச் சேர்ந்த பயறு அது, வெண்டைக்காயும் அப்படித்தான்.

மார்ச் தேசியப் போட்டியின் முதல் சுற்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. வியாழன் ஒரே நாளில் பதினாறு மேட்ச், மதியம் ஆரம்பித்து நள்ளிரவு வரை, வெள்ளியும் அதே. ஒரு மேட்சின் ஹாஃப் டைமில் இன்னொரு மேட்ச் கடைசி நிமிடத்தில் இருக்கும். அன்றைக்குப் பீன்ஸை அளவு இரட்டிப்பாகப் போட்டு முந்தின நாளே வேகவைத்துவிடுங்கள், மறுநாள் ருசி கூடத்தான் செய்யும், சோள ரொட்டியை மட்டும் உங்கள் டீம் ஆடுகிற நேரம் பார்த்துச் சுடுங்கள்.