தட்டம்மை கண்ட குழந்தையை எந்த நாளில் எதற்காகக் கவனிக்க வேண்டும்

பெங்களூரின் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வாழும் நம் குடும்பங்களில், குழந்தைக்குக் காய்ச்சலோடு சிவந்த தடிப்பு கண்டால், வாசலில் வேப்பிலை செருகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்காகக் காத்திருப்பது இன்றும் வழக்கமாக இருக்கிறது. வேப்பிலையால் கெடுதல் எதுவும் இல்லை. தண்ணீர் ஊற்றியதும் நோய் தீர்ந்தது என்று நம்பிக் கவனிப்பை விட்டுவிடுவதுதான் ஆபத்து. தட்டம்மையின் பெரிய சிக்கல்கள் பலவும், குறிப்பாக மூளையைத் தொடுபவை, தடிப்பு மறைந்த பின்பே தலைகாட்டுகின்றன. ஆகவே உடலின் எதிர்ப்பு மண்டலம் எப்போது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த வரிசையிலேயே கவனிப்பை அமைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தட்டம்மை என்று தெரிந்தால், காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குழந்தைக்கு, நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ வாய்ப்பு உண்டு. ஊசி போட முடியாத பச்சிளங்குழந்தை, கர்ப்பிணி, எதிர்ப்பாற்றல் குறைந்தவர் ஆகியோருக்கு 6 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமான ஆன்டிபாடி, அதாவது கிருமிகளை எதிர்க்கும் புரதம்) கொடுப்பது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். நோயாளி இருந்த அறையின் காற்றில் அவர் போன பிறகும் 2 மணி நேரம் வரை வைரஸ் தங்கக்கூடும் என்பதால், முகம் பார்த்துப் பேசவில்லையே என்ற சமாதானம் இங்கே செல்லாது.

மூச்சோடு நுழையும் வைரஸ், நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களையே முதலில் பிடிக்கிறது. நுரையீரலில் காவல் இருக்கும் செல்கள் அதை நிணநீர்க் கணுக்களுக்குச் சுமந்து செல்ல, அங்கே டி செல்கள், பி செல்கள் எனும் வெள்ளையணு வகைகளில் அது பெருகுகிறது. ஏறத்தாழ 10 நாட்கள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவை சேர்ந்து வரும். அந்தச் சமயத்தில் டார்ச் வெளிச்சத்தில் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தை, கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, பாருங்கள். சிவந்த பரப்பில் உப்புக் கல் தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் தட்டம்மையே. தடிப்பு வருவதற்கு 4 நாட்கள் முன்பிருந்து, வந்த பின் 4 நாட்கள் வரை நோய் பரவும். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாரை விடாத நம் வழக்கம் இந்தக் கணக்கோடு பாதி ஒத்துப்போகிறது. மீதிப் பாதியில் குழந்தை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்திருக்கும்.

தடிப்பு என்பது உடல் பதிலடி தரத் தொடங்கிவிட்டதன் அடையாளம். தோலில் வைரஸ் புகுந்த செல்களை டி செல்கள் தேடி அழிப்பதால்தான் அது எழுகிறது. டி செல்கள் வேலை செய்யாத நோயாளிகளுக்குத் தடிப்பே இல்லாமல் தட்டம்மை வந்து உயிரைப் பறிப்பதும் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு உடம்பில் ஒன்றும் இல்லையே என்று ஆறுதல் அடையக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

இந்தக் கட்டத்தில் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவமனையில் தடாரா என்று கன்னடத்தில் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கூடவே, குழந்தையின் தடுப்பூசி விவரம் உள்ள தாய் கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். வைட்டமின் ஏ இரண்டு நாட்கள் அடுத்தடுத்துக் கொடுக்கப்படும். 6 மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு 50,000, 6 முதல் 11 மாதம் வரை 1,00,000, அதற்கு மேல் 2,00,000 யூனிட் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கண்பார்வை இழப்பையும் மரணத்தையும் குறைப்பது இது என்பதால், பத்தியம் என்ற பெயரில் தவிர்க்கலாகாது. ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். கண்ணில் நாட்டு மருந்துச் சாறு எதையும் விட வேண்டாம். வயிற்றுப்போக்கு இருந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50, 1 முதல் 5 வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் நிமோனியாவாக இருக்கலாம். இரவானாலும் புறப்பட வேண்டியதுதான்.

தடிப்பு மறைந்த பின் வரும் மாதங்களே பலரும் அறியாத பகுதி. வைரஸ் குறிவைத்துக் கொல்பவற்றில், முன்பு வந்த நோய்களை நினைவில் வைத்திருக்கும் செல்களும் அடங்கும். காசநோய்ச் சோதனையில் தோலில் வீக்கம் காட்டி வந்த குழந்தைகள், தட்டம்மையின்போது வீக்கம் காட்டாமல் போனதை ஆஸ்திரிய மருத்துவர் ஃபான் பிர்க்கே 1908இலேயே பதிவு செய்தார். 2019இல் நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்ந்தவர்கள், மற்ற கிருமிகளுக்கு எதிராக இருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை தட்டம்மைக்குப் பின் அழிந்திருப்பதைக் கண்டனர். தட்டம்மைக்கு எதிரான காப்பு மட்டும் ஆயுள் முழுக்க நிற்கும். மற்றவற்றுக்குச் சேர்த்து வைத்தது கரைந்துபோகும். எனவே சளி, காதுவலி, பேதி எது வந்தாலும் சில மாதங்களுக்குச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல், தட்டம்மை வந்து போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூளை விஷயத்தில் மூன்று காலங்களைத் தனித்தனியே கவனிக்க வேண்டும். முதலாவது, தடிப்பு வந்து இரண்டு வாரங்களுக்குள். தணிந்த காய்ச்சல் திரும்புவது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வலிப்பு, நடை தள்ளாடுவது ஆகியவை அடையாளங்கள். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் இந்தச் சிக்கலில் மூளையில் வைரஸ் பெரும்பாலும் கிடைப்பதில்லை. குழம்பிப்போன எதிர்ப்பு மண்டலமே நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது. இரண்டாவது, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குச் சில மாதங்களுக்குள் வருவது. இதில் வைரஸே மூளையில் பெருகும்.

மூன்றாவது மிகக் கொடியது. நரம்பு செல் செத்தால் மாற்று கிடைப்பது அரிது என்பதால், மூளையில் எதிர்ப்பு மண்டலம் பாதிக்கப்பட்ட செல்லைக் கொல்லாமல், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தையும் ஆன்டிபாடியையும் கொண்டு வைரஸை அடக்கவே முயல்கிறது. அடங்கிய வைரஸ் முற்றிலும் நீங்காமல் தங்கி, மரபுத் திரிபுகளைப் பெற்று, வெளியே வராமலே ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் ஆன்டிபாடி மிகுந்திருந்தும் அதை எட்ட முடிவதில்லை. பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டுகள் கழித்து, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென மதிப்பெண்ணில் சரிவதும், குணம் மாறுவதும், கையில் இருப்பதைத் தவறவிடும்படி உடல் வெட்டி வெட்டி இழுப்பதும் தொடங்கும். எஸ்.எஸ்.பி.இ. (சப்அக்யூட் ஸ்க்லீரோசிங் பேன்என்செஃபலைட்டிஸ்) எனப்படும் இந்த மூளை நோய்க்கு முழுமையான குணம் தரும் மருந்து இல்லை. 2 வயதுக்குள் தட்டம்மை கண்டவர்களுக்கே அபாயம் அதிகம். இப்படிப்பட்ட இழுப்பைக் கண்டால் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு, ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் போன்ற நரம்பியல் மையத்துக்குச் செல்லுங்கள். சிறுவயதில் தட்டம்மை வந்ததைக் கேட்காமலே சொல்லுங்கள்.

தடுப்பூசி வைரஸால் எஸ்.எஸ்.பி.இ. வருவதில்லை, நோயாளிகளின் மூளையில் கிடைத்தவை இயற்கையாகப் பரவும் வைரஸ் வகைகளே. எம்.ஆர். (தட்டம்மை-ருபெல்லா) ஊசியின் முதல் தவணை 9 முதல் 12 மாதத்திலும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்திலும் அரசு மையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி 9 மாதத்தில் சில குழந்தைகளிடம் இன்னும் மிஞ்சியிருந்து ஊசியின் பலனைக் குறைப்பதால், இரண்டாவது தவணையைத் தவறவிடக் கூடாது. தட்டம்மை வந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்பவர்கள், அதே ஊசியில் ருபெல்லாவுக்கான பாதுகாப்பும் இருப்பதை நினைவில் கொண்டு, குழந்தை தேறியதும் மருத்துவரைக் கேட்டு விடுபட்ட தவணையைப் போட்டுக்கொள்ளலாம்.