அரசியல் குடும்பத்தைப் பற்றிய ஆவணப்படத்துக்குக் கருத்து எழுதுவது எப்படி?

அரசியல் குடும்பமொன்றைப் பற்றிய ஆவணப்படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் குவியும் கருத்துகளில் பல, படத்தைப் பற்றியவையே அல்ல. அக்குடும்பத்தின் மீது முன்பே இருந்த பற்றோ பகையோதான் படத்தின் பெயரால் வெளிவருகிறது. எனவே படம் தொடங்குமுன், அந்தக் குடும்பத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைத்திருக்கிறீர்கள் என்பதை இரண்டு வரிகளில் எழுதி வைத்துவிடுங்கள்.

இது வீண் வேலை அன்று. 1982-இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில், பாலஸ்தீன அகதிகள் வாழ்ந்த பகுதிகளில் நடந்த படுகொலையைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் போட்டுக் காட்டியபோது, ஒரே தொகுப்பைப் பார்த்த இரு தரப்பினரும் அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகக் கூறினர். இந்த ஆய்வு 1985-இல் வெளியானது. ஆகவே, "படம் ஒருதலைப்பட்சமானது" என்று எழுதத் தோன்றினால், அதற்குச் சான்றாக ஒரு காட்சியையாவது சுட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை நீக்கிவிடுங்கள்.

படம் ஓடும்போது, பேசுபவர் யார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உறவினர், முன்னாள் உதவியாளர், அரசியல் எதிரி, வரலாற்று ஆசிரியர் ஆகியோரின் சொற்களுக்கு ஒரே எடை கிடையாது. இறுதியில் ஓடும் நன்றிப் பட்டியலையும் தவறவிடாதீர்கள். வீட்டில் எடுத்த பழைய படச்சுருள்கள் குடும்பத்தாரின் இசைவோடு கிடைத்திருந்தால், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கடினமான பகுதி. அமெரிக்காவின் கென்னடி குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1963-இல் டாலஸில் அதிபர் ஜான் கென்னடியும், 1968-இல் லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய தம்பி ராபர்ட் கென்னடியும் சுடப்பட்ட காட்சிகளுக்குப் பின் எந்தப் பார்வையாளரின் மனமும் இளகிவிடும். இளகிய மனத்தோடு அடுத்த அரைமணி நேரத்தைப் பார்க்கிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. 1969 ஜூலையில் அவர்களுடைய கடைசித் தம்பி எட்வர்டு கென்னடி ஓட்டிய கார் சாப்பாக்விடிக் தீவில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து, உடன் சென்ற 28 வயது மேரி ஜோ கோபெக்னி இறந்தார். எட்வர்டு மறுநாள் காலைவரை போலீசாருக்குத் தகவல் தரவில்லை; விபத்து நடந்த இடத்தை விட்டுச் சென்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு இரண்டு மாதத் தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டது. இறந்த பெண்ணின் வாழ்க்கைக்குப் படம் எத்தனை நிமிடம் ஒதுக்கியது, அந்நிகழ்ச்சி குடும்பத்துக்கு நேர்ந்த இன்னொரு துயரமாகக் காட்டப்பட்டதா, ஒருவர் பதில் சொல்ல வேண்டிய செயலாகக் காட்டப்பட்டதா என்று கேளுங்கள். 1941-இல் மூளை அறுவைச் சிகிச்சையால் முடங்கிப்போன சகோதரி ரோஸ்மேரி எங்கே வருகிறார் என்பதும் படத்தின் நேர்மையைச் சொல்லிவிடும்.

இல்லறக் காட்சிகளிடம் தனிக் கவனம் தேவை. 1963 ஜூனில், அலபாமா பல்கலைக்கழகத்தில் இரண்டு கறுப்பின மாணவர்கள் சேர்வதை ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் எதிர்த்து நின்றபோது, அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த ராபர்ட் கென்னடியின் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் ஆவணப்படக் கேமரா அனுமதிக்கப்பட்டது. அவருடைய சிறு மகள் அலபாமாவிலிருந்த உயர் அதிகாரியோடு தொலைபேசியில் பேசும் காட்சி அழகானது, நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் அரசின் முடிவுகள் கேமராவின் முன் எடுக்கப்படலாமா என்று அன்றைய பத்திரிகைகள் எழுப்பிய கேள்வியை அந்த அழகு மறைத்துவிடக் கூடாது.

எழுதும்போது தலைவர்களை வீட்டுச் செல்லப்பெயரால் குறிப்பிடாதீர்கள். அந்த உரிமை படம் ஊட்டியது. படம் சொன்னதற்கும் நீங்கள் முன்பே அறிந்ததற்கும் தனித்தனி வாக்கியங்கள் இருக்கட்டும். தகவல் பிழை கண்டால் அதைக் கருத்தோடு கலக்காமல், ஒளிபரப்பான நாள், காட்சி வந்த நிமிடம், சரியான தகவல், அதற்கான சான்று ஆகியவற்றோடு தொலைக்காட்சி நிறுவனத்துக்குத் தனியே எழுதுங்கள். அன்றிரவே எதையும் அனுப்ப வேண்டாம்; படம் முடிந்த சூட்டில் நான் எழுதியவற்றில் பாதியை மறுநாள் காலை நானே கிழித்திருக்கிறேன். காலையில் படித்துப் பார்த்து, முதலில் எழுதிவைத்த இரண்டு வரிகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்றால், படத்தை இன்னொரு முறை பார்த்த பிறகு எழுதலாம்.