நிலாவில் கயிறு கட்டிச் சுமை தூக்குவது: கணக்குப் போடும் முறை

சுமையை விண்வெளிக்கு ஏற்ற, நிலாவில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பூமியின் தரைவரை இறக்க நினைக்காதீர்கள். நிலா பூமியைச் சுற்ற 27.3 நாள் ஆகிறது, பூமி தன்னைச் சுற்ற ஒரே நாள்தான். அதனால் தரையை ஒட்டித் தொங்கும் முனை, நிலநடுக்கோட்டில் நிற்பவரை நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் மேற்கே கடந்து போகும். ஒலியைவிட வேகமாக ஓடும் கொக்கியில் யார் சுமை மாட்டுவது? அதைவிடப் பெரிய சிக்கல் கயிற்றின் சொந்த எடை.

முதலில் எல்1 புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள்: பூமிக்கும் நிலாவுக்கும் இடையே, இரண்டின் இழுப்பும் சுழற்சியின் வெளித்தள்ளலும் சமனாகும் இடம் அது. பூமி மையத்திலிருந்து சுமார் 3,26,000 கி.மீ., நிலாவிலிருந்து 58,000 கி.மீ. (ஆதித்யா-எல்1 இருக்கும் இடம் வேறு, அது சூரியன்–பூமி ஜோடிக்கு உரியது.) கயிற்றின் இழுவிசை இங்கேதான் உச்சம், ஆகவே கயிறு இங்கேதான் மிகத் தடிமனாக இருக்க வேண்டும். எவ்வளவு தடிமன்?

கீழ்முனைக்கும் எல்1-க்கும் உள்ள நிலை ஆற்றல் வித்தியாசத்தைக் கிலோவுக்கு மெகாஜூலில் எடுங்கள். கீழ்முனை தரையில் என்றால் 60.8; மையத்திலிருந்து 50,000 கி.மீ.யில் என்றால் 6.3. அடுத்து நாரின் வலிமையை அடர்த்தியால் வகுங்கள். சைலான் என்ற வலுவான செயற்கை நாருக்கு 5.8 ஜிகாபாஸ்கல், கன செ.மீ.க்கு 1.56 கிராம், கிடைப்பது கிலோவுக்கு 3.7 மெகாஜூல். பாதுகாப்புக்காகப் பாதியை, அதாவது 1.86-ஐ மட்டும் கணக்கில் வையுங்கள். முதலில் எடுத்த ஆற்றல் வித்தியாசத்தை இதனால் வகுத்து, 2.718-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால், எல்1-இல் குறுக்குப் பரப்பு கீழ்முனையைப்போல் எத்தனை மடங்கு என்பது தெரியும்.

தரைக்கு வரும் விடை சுமார் 160 லட்சம் கோடி மடங்கு. ஒரு டன்னைத் தாங்க, எல்1-இல் கயிற்றின் விட்டம் 26 கி.மீ. ஆகிவிடும்! 50,000 கி.மீ.க்கு வெறும் 30 மடங்கு. அந்த உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் 0.16 மீ/நொடி² மட்டுமே. ஒரு டன் சுமை 160 நியூட்டன்தான் இழுக்கும், தரையில் 16 கிலோ மூட்டை இழுக்கும் அளவு. கீழே 0.26 மி.மீ. நூல், எல்1-இல் 1.45 மி.மீ. போதும். நிலாத் தரைவரை மொத்தக் கயிறு 600 டன்னுக்குச் சற்றுக் குறைவு.

இந்த உயரத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், மையத்திலிருந்து 42,164 கி.மீ.யில் இருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வளையம். கயிறு அதற்குக் கீழே வரக்கூடாது. நிலாவின் தூரமும் மாதந்தோறும் 3,63,300-க்கும் 4,05,500-க்கும் இடையே மாறுகிறது. சராசரித் தூரத்தை வைத்து நீளம் வெட்டினால், நிலா அருகே வரும்போது முனை வளையத்துக்குள் இறங்கிவிடும். அண்மைத் தூரத்தை வைத்தே வெட்டுங்கள்.

அந்த ஏற்ற இறக்கத்தில் லாபமும் உண்டு. நிலா மிக அருகில் இருக்கும்போது ஒரு டன்னை மாட்டினால், சுமார் 14 நாளில் மோட்டாரே இல்லாமல் 42,000 கி.மீ. மேலே போயிருக்கும். ஏறத்தாழ 1,000 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான அந்த ஆற்றல் நிலாவின் சுற்றுப்பாதையிலிருந்து வருகிறது.

கயிற்றை நிலாவிலிருந்து மேலே எறிய முடியாது. எல்1-ஐத் தாண்டிய பகுதியில் போதிய எடை தொங்காவிட்டால் முழுவதும் நிலாமேல் சரிந்து விழும். கயிறு சுற்றிய உருளையை எல்1-இல் நிறுத்தி, இருபுறமும் சமன் குலையாமல் ஒரே நேரத்தில் அவிழ்க்க வேண்டும். நிலா முகத்தின் நடுவிலுள்ள ‘சைனஸ் மெடியை’ (Sinus Medii) என்ற சமவெளி நங்கூரத்துக்கு ஏற்ற இடம். நிலா கிழக்கு மேற்காகச் சுமார் 8 பாகை, வடக்கு தெற்காக 7 பாகை தலையாட்டும் என்பதால் நங்கூரம் இரு அச்சிலும் திரும்ப வேண்டும். ஒற்றை நூலாக விடாதீர்கள், நுண்கல் ஒன்று பட்டாலே அறுந்துவிடும். அதே பரப்பைப் பல இழைகளாகப் பிரித்து, இடையிடையே குறுக்கிழை போடுங்கள். சைலான் வெளிச்சத்தில் வலுவிழக்கும், மேலுறை கட்டாயம்.

சுமையை 50,000 கி.மீ.வரை ராக்கெட்தான் கொண்டுவர வேண்டும். பூமியை ஒட்டிய தாழ்பாதையிலிருந்து வருவது அங்கே நொடிக்கு 1.36 கி.மீ. வேகத்தில் இருக்கும், கயிற்று முனையின் வேகமோ 0.13 தான். மிச்சத்தைத் தணித்த பிறகே கொக்கியை மாட்டுங்கள். பிறகு ஏறும் வண்டி மணிக்கு 360 கி.மீ.யில் போனாலும் எல்1-ஐ அடைய 32 நாள் ஆகும். நடுவில் கழற்றுவதானால் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சுமார் 1,65,000 கி.மீ.க்குக் கீழே விட்ட சுமை நேராகப் பூமியின் காற்று மண்டலத்தில் வந்து விழும்.