நூலகக் கணினியில் ஒரு மெய்ப்பு மாலை
கிளை நூலகத்துக்குக் கணினிகளும் இணைய இணைப்பும் வந்துவிட்டால், அவற்றைப் போட்டித் தேர்வு விண்ணப்பங்களுக்கு மட்டும் ஒதுக்காமல், வாரத்தில் ஒரு மாலை வாசகர்களை, யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்க அமர்த்தலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றின் பக்கங்கள் அங்கே திருத்துவோருக்காகக் காத்திருக்கின்றன.

திரையின் ஒரு பாதியில் அச்சுப் பக்கத்தின் படமும், மறுபாதியில் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் மென்பொருள்) படித்துத் தந்த உரையும் தெரியும். துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்வது எழுத்துணரியின் வழக்கமான பிழை என்பதால், ‘காலம்’ பல இடங்களில் ‘கரலம்’ ஆகிக் கிடக்கும். ஒருவர் திருத்திச் சேமித்தால் பக்கத்தின் நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்த பிறகே அது பச்சையாகும். தட்டச்சு அறியாத ஓய்வுபெற்ற ஆசிரியர் படித்துச் சொல்ல, பக்கத்தில் அமர்ந்த மாணவர் திருத்துவது, என் கணிப்பில், தனியே செய்வதைவிட வேகமானது.

ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் விக்கிமூலத்தில் சில புதிய கணக்குகளையே தொடங்க முடியும். ஆகவே, வருகிறவர்களை முதல்நாளே வீட்டில், தத்தம் கைப்பேசியில் பயனர் கணக்குத் தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.